மல்வானை: ஏட்டில் உள்ளதும் ஆற்றில் போனதும்

பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவர்கள் எல்லோருக்கும் மல்வானை என்ற பெயர் தெரியும். 1597, மல்வானை மாநாடு என்று பரீட்சைக்காகப் பாடமாக்கியிருப்போம். பரீட்சை முடிந்ததும் பெரும்பாலானோர் மறந்துவிடுவோம். எனக்கும் அப்படித்தான். நாற்பது வருடத்துக்குப் பிறகு, ஒரு கலியாண வீட்டில் பழக்கமான நண்பர் ஒருவர், "ரம்புட்டான் காலம் முடிய முந்தி எங்கட ஊருக்கு ஒருக்கா வாங்களே" என்று கூப்பிட்டதால்தான் அந்தப் பெயர் திரும்பவும் என் காதில் விழுந்தது. அவருடைய ஊர் மல்வானை.

கொழும்பில் இருந்து சுமார் இருபது கிலோமீற்றர் தூரம்தான். அவிசாவளைக்குப் போகும் கீழ்ப் பாதையில் கடுவலை வரை போய், களனி கங்கைப் பாலத்தைக் கடந்து வலப் பக்கம் திரும்ப வேண்டும். கடுவலையில் அதிவேகப் பாதையின் இரைச்சல். பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் பியகம சுதந்திர வர்த்தக வலயத்தின் தொழிற்சாலைகளும் லொறிகளும். இன்னும் கொஞ்சம் போனால் திடீரென்று சத்தம் அடங்கி, தென்னையும் பலாவும் ரம்புட்டானும் நிறைந்த வளவுகள். வீதியோரம் பலகை போட்டு, சிவப்புக் குலைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மல்வானை ரம்புட்டான் என்றால் நாடு முழுக்கத் தெரியும். கண்டியில் விற்பவரும் "மல்வானை, மல்வானை" என்றுதான் கூவுகிறார். மயிர் என்று பொருள்படும் 'ரம்புட்' என்ற மலாய்ச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. கடல் கடந்து வந்த பழம் இன்றைக்கு இந்த ஊர் மண்ணின் பெயரால் அறியப்படுகிறது. அது எந்தக் கப்பலில் வந்தது என்று பழத்திடம் யாரும் கேட்பதில்லை.

நண்பருடைய வீட்டில் பிளேன்டியும் வட்டிலாப்பமும் வைத்தார்கள். "கோட்டையப் பாக்கப் போவமா?" என்று நானாகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பாக்கிறதுக்கு அங்க என்ன ஈக்கி?" என்றார். கோட்டை என்று காட்ட முழுதாக நிற்கும் கட்டடம் ஒன்றும் அங்கில்லை. ஆனாலும் போனோம். ஆற்றங்கரையில் நின்றபோதுதான், இந்த ஊரை ஏன் ஒரு காலத்தில் தலைநகரம் போல வைத்திருந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.

ஆற்று வழி

சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை, அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவலை, களனி என்று வந்து கொழும்புக்கு வடக்கே கடலில் சேருகிறது களனி கங்கை. ஏறத்தாழ 145 கிலோமீற்றர். கொழும்பு–கண்டி வீதி வெட்டப்படுவதற்கு முன், மேல்நாட்டுக்கும் கொழும்புத் துறைமுகத்துக்கும் இடையில் இதுவே பெரும்பாதை. ருவன்வெல்லை வரை படகு போகும். அதற்கு மேல் தவளம், அதாவது பொதிமாடுகளின் வரிசை. உப்பும் கருவாடும் துணியும் மேலே போயின. பாக்கும் மிளகும் கீழே வந்தன. இந்தப் போக்குவரத்தில் சோனகர்களுக்கு இருந்த பங்கைக் கலாநிதி லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த தம்முடைய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கண்டி மன்னர்களுக்கு உப்பும் செய்தியும் கொண்டுபோனவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள்.

ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகேயுள்ள கொழும்பில் முஸ்லிம்கள் இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் கபுர்க் கல்லில் கூஃபி எழுத்தில் உள்ள ஆண்டு ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948. 1344இல் இந்தத் தீவுக்கு வந்த இப்னு பதூதா கொழும்பைக் 'கலன்பூ' என்று எழுதினார். ஜாலஸ்தி என்ற கடல் தலைவன் 500 அபிசீனியருடன் அங்கே இருந்ததாகவும் சொன்னார். ஆக, போர்த்துக்கேயர் 1505–06இல் இந்தக் கரைக்கு வந்தபோது, ஆற்றின் வாயில் ஏற்கெனவே பல நூறு வருட வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் முதலில் மோதியதும் அந்த வியாபாரத்தோடுதான்.

ஆற்றின் மேல் பகுதியில், இன்றைய அவிசாவளையில், 1521க்குப் பிறகு சீதாவாக்கை இராச்சியம் எழுந்தது. மாயாதுன்னை மன்னன் போர்த்துக்கேயரை எதிர்க்கக் கள்ளிக்கோட்டை சாமூத்திரியின் உதவியை நாடினான். மரிக்கார் கடற்படை அவனுக்காக வந்து போரிட்டது. பிறகு போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்ய நேர்ந்தபோது, தன்னிடம் அடைக்கலமாக இருந்த அந்தத் தலைவர்களையே அவன் கைவிட்டான். கூட்டும் துரோகமும் இந்த ஆற்றின் வழியேதான் நடந்தன. கொழும்புக்கும் சீதாவாக்கைக்கும் இடையில் அமைந்த ஊர் மல்வானை.

மல்வானை ராசா

1593இல் சீதாவாக்கை இராசசிங்கன் இறந்ததும் அந்த இராச்சியம் உடைந்தது. 1594இல் ஜெரனிமோ டி அசவேது கப்டன் ஜெனரலாக வந்தான். 1612 வரை, பதினெட்டு வருடம், அவன்தான் போர்த்துக்கேய இலங்கையின் அதிபதி. கொழும்புக் கோட்டை இருக்க, அவன் மல்வானையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். ஆற்றில் படகு விட்டால் கொழும்புக்குப் போய்விடலாம். மேற்கே தாழ்நிலம் முழுக்கக் கையில், கிழக்கே கண்டியின் எல்லை. வருபவர் போபவர் எல்லோரும் ஆற்றைத்தான் பாவிக்க வேண்டும். இடத்தைப் பார்த்தாலே காரணம் புரிகிறது. அவன் வாழ்ந்த ஆடம்பரத்தைக் கண்டவர்கள் 'மல்வானை ராசா' என்றே அழைத்தார்களாம். அவனுடைய கொடுமையை அந்நியர் யாரும் கட்டிச் சொல்லத் தேவையில்லை. மல்வானைப் பாலத்தில் இருந்து ஆட்களை முதலைகளுக்குத் தள்ளிவிட்டு அவன் வேடிக்கை பார்த்ததாகப் போர்த்துக்கேய எழுத்தாளர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

1597 மே மாதம் கோட்டை அரசன் தர்மபாலன் பிள்ளையில்லாமல் இறந்தான். தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னனுக்கு அவன் முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். அதன் பின்னர்தான் பாடப் புத்தகம் சொல்லும் மாநாடு. ஒவ்வொரு கோறளையில் இருந்தும் பிரதிநிதிகள் மல்வானைக்கு அழைக்கப்பட்டார்களாம். போர்த்துக்கல் சட்டத்தை ஏற்கிறீர்களா என்று அசவேது கேட்டானாம். அவர்கள் கூடிப் பேசி, "மன்னனுக்கு விசுவாசமாக இருப்போம், ஆனால் எங்கள் சட்டமும் வழக்கமும் எங்களுக்கு வேண்டும்" என்று சொன்னார்களாம். இரு தரப்பும் சத்தியம் செய்தனவாம்.

இவ்வளவு 'ஆம்' போட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையை நமக்குச் சொல்பவர்களில் பிரதானமானவர் ரிபெய்ரோ. அவர் இலங்கைக்கு வந்தது 1640இல், நூலை முடித்தது 1685இல். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு எண்பத்தெட்டு வருடம் கழித்து. அசவேதுவின் காலத்து ஆவணங்களைத் தேடிப் பார்த்த பேராசிரியர் திகிரி அபேசிங்க, மல்வானை மாநாடு ஒரு கட்டுக்கதை என்றே 1964இல் கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் வெளிவந்து அறுபது வருடம் ஆகிறது. பாடமாக்குவது மட்டும் நிற்கவில்லை.

நடந்ததற்குச் சமகாலச் சான்று இல்லாத ஒரு சம்பவத்தால் இந்த ஊர் புகழ்பெற்றிருக்கிறது. நடந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை இந்த ஊரோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. அதற்கு வருகிறேன்.

1626

சோனகரை நாட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று லிஸ்பனில் இருந்து கட்டளைகள் பல தடவை வந்தன. கறுவா, பாக்கு வியாபாரத்தில் போட்டி, மதப் பகை, கண்டியோடும் மலபாரோடும் அவர்களுக்கு இருந்த தொடர்பு மீதான பயம் என்று காரணங்கள் பல. ஆரம்பத்தில் அந்தக் கட்டளைகள் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. கொழும்பில் இருந்த அதிகாரிகளுக்கே சோனக வியாபாரிகள் இல்லாமல் காரியம் ஓடாது. கடைசியில் 1626இல், கப்டன் ஜெனரல் கொன்ஸ்தந்தீனு டி சா அதை நிறைவேற்றினான். போர்த்துக்கேயர் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் இருந்த முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டான். மட்டக்களப்புப் பகுதியில் மட்டும் 4,000 பேரைக் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் இந்தச் செய்தியைப் பலரும் எடுத்துச் சொல்வதுண்டு. அங்கே போனவர்களின் கதையாகவே அது சொல்லப்படுகிறது. இங்கிருந்து போனவர்களின் கதையாக நாம் அதைப் படிப்பது குறைவு. கொழும்பு, களுத்துறை, பேருவளை, வெலிகமம், களனி ஆற்றோரம் என்று எந்த எந்த ஊர்களில் இருந்து எத்தனை குடும்பங்கள் மாட்டுப் பொதியோடு மலை ஏறின? அப்போதைய கப்டன் ஜெனரல்களின் இருப்பிடம் மல்வானை. வெளியேற்றச் சொன்ன அதிகாரத்தின் வாசல் இருந்த அதே ஊரில் இன்றைக்குப் பள்ளிவாசல்கள், அல் முபாரக் தேசிய பாடசாலை, ரக்ஸபானையிலும் உலஹிட்டிவலையிலும் முஸ்லிம் வீடுகள். அந்த ஆற்றங்கரையில் நின்றுகொண்டு லுஹர் பாங்கு கேட்டேன். அசவேதுவின் மாளிகை நின்ற இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாங்கு சத்தத்தைத் தேட வேண்டியதில்லை.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அவர்களும் சோனகருக்கு ஒன்றும் வாசல் திறந்து வைக்கவில்லை. ஊழியம் சுமத்தினார்கள். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு வாங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் 1832இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆனால் அந்தத் தடையே நமக்கு ஒரு சாட்சி. இல்லாதவர்களுக்கு எதிராக யாரும் சட்டம் போடுவதில்லை. நகரத்துக்குள் நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு ஆற்றோரமும் கிராமங்களும்தான் மிஞ்சின.

ஆங்கிலேயர் கண்டிக்கு வீதி போட்டார்கள். 1822இல் களனி ஆற்றில் படகுப் பாலம், 1895இல் விக்டோரியா பாலம், இடையில் கண்டிக்கு ரயில். ஆற்று வழி வியாபாரம் மெல்ல மெல்லச் செத்தது. துறை இருந்த ஊர்களெல்லாம் வீதிக்கு ஒதுக்குப்புறமான ஊர்களாயின. மல்வானையும் அப்படி ஒதுங்கிய ஊர்தான். பிறகு சபுகஸ்கந்தையும் பியகம வலயமும் வந்து, கொழும்பின் புறநகராக அது திரும்பவும் வெளிச்சத்துக்கு வந்தது.

சுவரில் இருந்த கோடு

பின்னேரம் நண்பர் என்னை அவருடைய பெரிய மாமாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். எண்பது வயதைத் தாண்டியவர். ஊர்ப் பழங்கதை கேட்க வந்திருக்கிறேன் என்றதும் கதிரையை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேசத் தொடங்குவதற்கு முன்னே அறைச் சுவரைக் காட்டினார். என் தலைக்கு மேலே ஒரு சாணில் மங்கிய பழுப்புக் கோடு. "அது ரெண்டாயிரத்துப் பதினாறு" என்றார். அதற்குக் கீழே, இடுப்பளவில் பென்சிலால் ஒரு கீறல். "அது எம்பத்தொம்பது. நாப்பத்தேழுல தண்ணி கூரைக்கும் வந்திச்சாம். வாப்பா செல்லுவாரு."

1947 ஓகஸ்ட், 1989 ஜூன், 2016 மே. களனி ஆற்று வெள்ள வரலாற்றில் இந்த மூன்றும் பெரியவை. அவர் ஒரு புத்தகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"மேல் தட்டுல வெச்ச குர்ஆனும் கிதாபும் தப்பிச்சி, மகன். கட்டிலுக்குக் கீழ ஒரு ட்ரங்குப் பெட்டி ஈந்த. மூத்தாப்பாட காணி உறுதி, வாப்பாட கடுத்தம், மூத்தம்மா அறபுத் தமிழ்ல எழுதி வெச்ச கொப்பி, எல்லாம் அதுலதான் ஈந்த. நாலு நாள் கழிச்சித் தண்ணி வத்தினதும் தொறந்து பாத்தா, சோறு மாதிரிக் குழைஞ்சி போய் ஈக்கி. வெயில்ல காயப் போட்டோம். ஒண்டோட ஒண்டு ஒட்டி, கல்லு மாதிரி ஆகிட்டு. பொறகு அத மையவாடிப் பக்கம் கொண்டு போய்ப் பொதச்சிட்டோம். அல்லாஹ்ட பேரு எழுதின கடுதாசி, வீச ஏலுமா?"

அவர் அதை ஒரு மையித்தை அடக்கிய கதை போலத்தான் சொன்னார். எனக்குப் பதில் ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் காணி உறுதி ஒன்றில் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், தகப்பன் பெயர், நான்கு எல்லைகளுக்கும் சொந்தக்காரர்களின் பெயர்கள் இருக்கும். ஒரே ஒரு உறுதியில் ஆறு ஏழு குடும்பங்களின் சாட்சி. கடுத்தத்தில் மஹர் எவ்வளவு, வலீ யார், சாட்சிகள் எந்த ஊரார் என்று இருக்கும். பெண் எந்த ஊரில் இருந்து வந்தாள் என்பது தெரிந்தால், இந்த ஊருக்கும் பேருவளைக்கும் கொழும்புக்கும் அக்குறணைக்கும் எப்படித் தொடர்பு இருந்தது என்று சொல்லிவிடலாம். அறபுத் தமிழ்க் கொப்பி ஒன்று இருந்தால், பெண்களும் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்பதற்கு அது சாட்சி. அரசாங்கக் காப்பகத்தில் இவை எதுவும் கிடைக்காது. வீட்டில்தான் கிடைக்கும். வீட்டில் இருந்தால் கறையான் உண்டு, ஆறு உண்டு, வீட்டைத் திருத்தும்போது எரித்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

மாநாட்டைப் பற்றி ரிபெய்ரோ எண்பத்தெட்டு வருடம் கழித்து எழுதிய சில பக்கங்கள் அச்சாகி, மொழிபெயர்ப்பாகி, பாடப் புத்தகமாகிவிட்டன. மூத்தம்மாவின் கொப்பி மையவாடியில் புதைந்துவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உண்மையின் அளவில் இல்லை. ஒன்றை யாரோ காப்பாற்றினார்கள், அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்

அண்மைக் காலத்தில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்பது. மேடையில் கேட்கிறார்கள், பத்திரிகையில் கேட்கிறார்கள். காணி வழக்கென்று வந்தால் நீதிமன்றத்திலும் கேள்வி அதுதான், வேறு வார்த்தைகளில். பதில் சொல்ல நாம் உடனே ஓடுவது கூஃபிக் கல்லுக்கும் இப்னு பதூதாவுக்கும். அவை நல்ல சாட்சிகள்தான். ஆனால் 1344இல் கொழும்பில் ஒருவர் இருந்தார் என்பதால் 1850இல் ரக்ஸபானையில் ஒரு குடும்பம் இருந்தது நிரூபணமாகாது. அதை நிரூபிப்பது அந்தக் குடும்பத்தின் உறுதி. நடுவே உள்ள ஐந்நூறு வருடத்தை நிரப்பப் பெரிய ஆட்களின் பெயர்கள் போதாது, சின்ன ஆட்களின் கடுதாசிகள் வேண்டும்.

எல்லாம் அழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டில் கோறளை கோறளையாக எழுதிய காணித் தோம்பும் தலைத் தோம்பும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஒல்லாந்துக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தபோது இலங்கையில் உள்ளவையும் அதில் அடங்கின. மல்வானை அடங்கும் சீயனைக் கோறளையின் பக்கங்களைச் சோனகப் பெயர்களுக்காக ஒருவர் பொறுமையாகப் புரட்ட வேண்டும். ஒல்லாந்து மொழி தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்? பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளில் ஓர் ஆளாவது இதைப் படித்தால் போதும். காணிக் கந்தோர்களில் பழைய உறுதிப் பதிவுகள் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபு சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிவாசல்களின் கோவைகளில் நிலம் யார் கொடுத்தது என்ற விவரம் இருக்கும்.

வீட்டில் எஞ்சியிருப்பதற்குத்தான் அவசரம். அந்தப் பெரியவரிடம் விடைபெறும்போது, "இன்னும் ஏதும் மிச்சம் ஈக்கா மாமா?" என்று நண்பர் கேட்டார். அவர் எழுந்து போய் அலமாரியில் இருந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டு வந்தார். உள்ளே ஒரு மடித்த கடுதாசி. 2016 அன்று அது வேறு ஒரு வழக்குக்காகக் கொழும்பில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருந்ததால் தப்பியது. அவருடைய வாப்பாவின் பெயரில் உள்ள உறுதி. எல்லைகளைப் படித்தார்: வடக்கே இன்ன மரிக்காரின் தோட்டம், கிழக்கே இன்ன அப்புஹாமியின் வளவு, தெற்கே கங்கை. சோனகனும் சிங்களவனும் ஆறும் ஒரே கடுதாசியில் அயலவர்களாக இருந்தார்கள். கையடக்கத் தொலைபேசியில் நான்கு படம் பிடித்தோம். அவ்வளவும் ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிட வேலையை ஒவ்வொரு ஊரிலும் செய்யலாம் என்பதுதான் என் வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி நிர்வாகம் ஓர் அறிவித்தல் கொடுக்கட்டும். பழைய உறுதி, கடுத்தம், கொப்பி, படம் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் படம் பிடித்து, யாருடையது, எந்த வருடம் என்று எழுதி வைக்கட்டும். மூலத்தை உடனே உரியவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் கொண்டு வர மாட்டார்கள். பிரதிகளை ஓர் இடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும். தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றோடும் பேசலாம். மையவாடியில் எழுத்துள்ள கபுர்க் கற்கள் இருந்தால், சுண்ணாம்பு பூசும் முன் அவற்றையும் படம் பிடித்து வையுங்கள்.

திரும்பி வரும்போது கடுவலைப் பாலத்தில் பஸ் சிறிது நேரம் நின்றது. கீழே ஆறு மண்ணிறமாக, அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. மடியில் அரைக் கூடை ரம்புட்டான். தொலைபேசியை எடுத்து அந்த நான்கு படங்களும் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். தெற்கே கங்கை என்று எழுதிய வரி தெளிவாகத் தெரிந்தது.